ஒரு வரிகூடப் பொய்யில்லை, ஆனாலும் செய்தி சாய்ந்திருக்கிறது: மாணவர் போராட்டச் செய்திகளைப் படிக்கும் முறை

பத்துமலைத் தைப்பூசத்துக்கு வெளிநாட்டுப் புகைப்படக்காரர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் ஆற்றங்கரையில் நின்று அலகு குத்திய காவடிகளை மட்டும் படமெடுக்கிறார். மறுநாள் அவருடைய பத்திரிகையில் பன்னிரண்டு படங்கள். பன்னிரண்டிலும் கன்னத்தில் வேல், முதுகில் கொக்கி. ஒன்றுகூடப் போலி இல்லை. ஆனால் அன்று 272 படிகளில் ஏறியவர்களில் பெரும்பாலோர் பால்குடம் எடுத்தவர்கள், பிள்ளையைத் தோளில் சுமந்தவர்கள், கும்பிட்டுவிட்டு வீடு திரும்ப வந்தவர்கள். அந்தப் பத்திரிகையைப் பார்த்த ஒருவருக்கு இப்படிப்பட்டவர்கள் இருந்ததே தெரியாது.

அதே பத்திரிகை "372 படிகள்" என்று எழுதியிருந்தால் அது வேறு வகைக் குறை. எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும், மறுநாளே திருத்திவிடலாம்.

இந்த இரண்டு குறைகளையும் நாம் ஒரே வாக்கியத்தில் போட்டு அடைக்கிறோம்: "பேப்பர் பொய் சொல்லுது." மலாயாப் பல்கலைக்கழக வாசலில் மாணவர்கள் கூடினார்கள் என்று செய்தி வரும் நாளில் இந்த வாக்கியம் இன்னும் அதிகமாகக் காதில் விழும். சித்தப்பா ஒருவர், "படிக்க அனுப்பினா கலவரம் பண்றாங்க, படத்தைப் பாரு" என்பார். அந்தக் கூட்டத்தில் நின்ற அக்காள் மகள், "எல்லாம் பொய் சித்தப்பா, நான் அங்கதான் இருந்தேன்" என்பாள். படம் உண்மை. அவள் சொல்வதும் உண்மை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன். கோலாலம்பூரில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் சில ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் நான். சாய்வு எங்கே நுழைகிறது என்பதைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன்.

துல்லியம் வேறு, சார்பு வேறு

துல்லியம் என்பது, செய்தியில் உள்ள ஒவ்வொரு தகவலும் நடந்ததோடு பொருந்துவது. நாள், இடம், பெயர், எண்ணிக்கை, யார் என்ன சொன்னார்கள், எந்தச் சட்டப் பிரிவு. இவற்றைச் சரிபார்க்க முடியும்.

சார்பு என்பது, எதை எடுத்தோம், எதை விட்டோம், எதை முதலில் வைத்தோம், எந்தச் சொல்லால் சொன்னோம் என்பதில் திரும்பத் திரும்ப ஒரே பக்கமாகச் சாய்வது. "திரும்பத் திரும்ப" என்பது முக்கியம். ஒருநாள் இடமில்லாமல் மாணவர் பேச்சு வெட்டுப்பட்டால் அது சார்பாகாது. ஒவ்வொரு முறையும் அதே பேச்சுதான் வெட்டுப்படுகிறது என்றால் சார்பு.

ஆகவே முழுக்கத் துல்லியமான செய்தி சாய்ந்து நிற்கலாம். நடுநிலையோடு எழுதிய செய்தியில் நான்கு பிழைகள் இருக்கலாம். முதல் வகையைக் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் அதில் சுட்டிக்காட்டுவதற்கு ஒரு தவறான வரிகூட இருக்காது.

ஒரு சொல் போதும்

நம் தமிழ் ஊடகங்களுக்கு வரும் செய்தியில் பெரும்பகுதி மலாயிலோ ஆங்கிலத்திலோதான் பிறக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒருவர் உட்கார்ந்து அதைத் தமிழாக்குகிறார். மலாயில் 'டிதாஹான்' என்று இருக்கும். 'கைது செய்யப்பட்டனர்' என்று எழுதலாம், 'தடுத்து வைக்கப்பட்டனர்' என்றும் எழுதலாம். அகராதிப்படி இரண்டும் சரி. ஆனால் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டக் காலத்தை வாழ்ந்து கடந்த நம் பெரியவர்களுக்கு 'தடுத்து வைக்கப்பட்டனர்' என்றால் விசாரணையே இல்லாமல் காமுந்திங் முகாமில் கிடந்தவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். ஓர் இரவு போலீஸ் நிலையத்தில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்த மாணவனுக்கு அந்தச் சொல் பொருந்தாத சுமை.

இன்னும் ஆபத்தானது 'டிடாக்வா'. மலாயில் இது "இப்படிச் செய்ததாகச் சொல்லப்படுகிறது" என்றும் பொருள்படும், "நீதிமன்றத்தில் குற்றம் பதிவாகியிருக்கிறது" என்றும் பொருள்படும். தமிழில் 'குற்றஞ்சாட்டப்பட்டார்' என்று எழுதினால் அதே குழப்பம் அப்படியே இறங்கிவிடும். யாரோ குறை சொன்னதற்கும் அரசுத் தரப்பு வழக்குப் பதிந்ததற்கும் உள்ள தூரம் ஒரு மாணவரின் எதிர்காலம் அளவுக்குப் பெரிது.

இப்படி ஒரு நிகழ்வைச் சொல்லும்போது தேர்ந்தெடுக்கும் சொல், வரிசை, கோணம் மூன்றையும் சேர்த்துச் 'சட்டகம்' என்பார்கள். சன்னலை எங்கே வைத்தோமோ அங்கிருந்துதான் தெரு தெரியும்.

ஓர் உண்மை நிகழ்வை வைத்துப் பார்ப்போம். 2014 அக்டோபர் 27 இரவு, அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அன்வார் இப்ராஹிம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேசுவதாக இருந்தது. நிர்வாகம் அனுமதிக்கவில்லை. வாயிற்கதவு மூடப்பட்டது, விளக்குகள் அணைக்கப்பட்டன. மாணவர்கள் கதவைத் தள்ளித் திறந்து உள்ளே போனார்கள், அவர் பேசினார். பிறகு எட்டு மாணவர்கள் ஒழுங்கு நடவடிக்கையைச் சந்தித்தார்கள். இதற்கு நானே இரண்டு தலைப்புகள் எழுதுகிறேன். ஒன்று: "வளாகக் கதவைத் தகர்த்து மாணவர்கள் நுழைந்தனர்." இரண்டு: "விளக்கணைத்துக் கதவை மூடியது நிர்வாகம், மாணவர்கள் இருட்டில் கூடினர்." முதல் தலைப்பில் செயல் மாணவரிடமிருந்து தொடங்குகிறது, இரண்டாவதில் நிர்வாகத்திடமிருந்து. நேர வரிசைப்படி எது முதலில் நடந்ததோ அதை முதலில் சொல்வதுதான் நேர்மை என்பது என் கருத்து. 'தகர்த்து' என்ற சொல்லைப் போட வேண்டுமானால் கதவுக்கு என்ன சேதம் என்று கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

முறுக்கு அச்சு

மாவு எதுவானாலும் முறுக்கு அச்சில் போட்டுப் பிழிந்தால் வருவது அதே வடிவம்தான். போராட்டச் செய்திக்கும் அப்படி ஓர் அச்சு உண்டு. ஹாங்காங் செய்தித்தாள்கள் போராட்டங்களை எழுதிய விதத்தை ஆராய்ந்த ஜோசப் சான், லீ சின்-சுவான் இருவரும் 1984-இல் இதற்கு ஒரு பெயர் தந்தார்கள். தமிழில் அதைப் 'போராட்டச் செய்தி வார்ப்பு' என்று சொல்லலாம். பின்னர் வந்த ஆய்வாளர்கள் அதன் அடையாளங்களைப் பட்டியலிட்டார்கள். மோதல்தான் கதையின் மையம். அதிகாரிகள் சொல்வதுதான் உண்மைக்கு அளவுகோல். போராடுபவரின் உடை, முடி, கூச்சல் எல்லாம் விவரமாக வரும். எதற்காகப் போராடுகிறார்கள் என்பது கடைசிப் பத்தியில் ஒரு வரியாக வரும், சில நேரம் அந்த வரியும் வராது.

இந்த அச்சு சதியால் உருவாவதில்லை. செய்தி என்றாலே மாற்றம், அசைவு, முரண் என்று பத்திரிகையாளர் பழகியிருக்கிறார். மூன்று மணி நேரம் தரையில் உட்கார்ந்து கட்டண உயர்வைப் பற்றிப் பேசிய மாணவர்களைக் காட்டக் கேமராவுக்குக் காட்சியே கிடைக்காது. மூன்று நிமிடத் தள்ளுமுள்ளுக்குக் காட்சி கிடைக்கும்.

அச்சு முன்கூட்டியே தயாராகிவிடுவதும் உண்டு. 1968 அக்டோபர் 27 அன்று லண்டனில் வியட்நாம் போருக்கு எதிராக மாபெரும் ஊர்வலம் நடந்தது. வன்முறை வெடிக்கும் என்று பல நாள்களாகவே பத்திரிகைகள் எழுதிவந்தன. ஊர்வலம் பெரும்பாலும் அமைதியாகவே முடிந்தது. குரோவனர் சதுக்கத்தில் ஒரு சிறு பகுதியினருக்கும் போலீசுக்கும் தள்ளுமுள்ளு ஏற்பட்டது. மறுநாள் செய்திகளில் அந்தத் தள்ளுமுள்ளே பெரிதாக நின்றது. லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை நுணுக்கமாக ஆராய்ந்து 1970-இல் வெளியிட்டார்கள். எதிர்பார்த்தது நடக்காதபோதும் எதிர்பார்த்த கண்ணோடுதான் செய்தி எடுக்கப்பட்டது என்பது அவர்கள் கண்டது.

2024 ஏப்ரலில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் காஸா போருக்கு எதிராக மாணவர்கள் கூடாரம் அடித்தபோது, பிரிக்பீல்ட்ஸ் உணவகத் தொலைக்காட்சியில் நாம் பார்த்ததும் அநேகமாகக் கைதுக் காட்சிகள்தான். உலகெங்கும் போராட்டங்களைப் பதிவு செய்யும் ஏக்லெட் அமைப்பு, அந்த வாரங்களில் அங்கு நடந்த மாணவர் ஆர்ப்பாட்டங்களில் 97 விழுக்காடு அமைதியானவை என்று கணக்கிட்டது. நாம் பார்த்த காட்சிகள் உண்மைதான். ஆனால் அவை பத்துமலையின் பன்னிரண்டு படங்களைப் போன்றவை.

நம் ஊரில் இதனால் தொலைந்துபோவது பெரும்பாலும் காரணம்தான். 1974 டிசம்பர் 3 அன்று கோலாலம்பூரில், இன்று டத்தாரான் மெர்டேக்கா என்று அழைக்கப்படும் திடலில், ஆயிரக்கணக்கான மாணவர்கள் திரண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். நம் வீடுகளில் இந்தச் செய்தியை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களிடம் கேட்டால் போலீஸ், கண்ணீர்ப்புகை, கைது என்று சொல்வார்கள். கெடா மாநிலத்தின் பாலிங்கில் ரப்பர் விலை வீழ்ந்து, அதை நம்பிய குடும்பங்கள் வாடியதற்காகத்தான் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. ரப்பர் பால் வெட்டி வளர்ந்த சமூகம் நாம். அந்தக் காரணம் நமக்கே மறந்துபோயிற்று என்பது எனக்கு வலிக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தகவல் சரியா என்பது துல்லியம். தேர்வு ஒரே பக்கம் சாய்கிறதா என்பது சார்பு. சாய்வு முதலில் சொல்லில் நுழைகிறது, பிறகு பழகிப்போன அச்சில் நுழைகிறது.

யார் போனை எடுக்கிறார்கள்

மாலை ஏழு மணி. செய்தியாளருக்கு இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. மாவட்டப் போலீஸ் தலைவரின் அறிக்கை வந்துவிட்டது. பெயர், பதவி, சட்டப் பிரிவு எல்லாம் அதில் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தின் அறிக்கையும் வந்துவிட்டது. மாணவர்களுக்குப் போன் போட்டால் ஒருவர் எடுக்கவில்லை, ஒருவர் "என் பேரைப் போடாதீங்க அண்ணா" என்கிறார், ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கிறார். செய்தி எப்படி அமையும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மாணவர் ஏன் பெயர் சொல்லத் தயங்குகிறார்? அதற்கு வரலாறு இருக்கிறது. பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் 1971-இல் வந்தது. பேச்சில் 'ஆவுக்கு' என்போமே, அதுதான். பாலிங் போராட்டத்துக்குப் பிறகு 1975-இல் அது இறுக்கப்பட்டது. கட்சி அரசியல் பக்கம் மாணவர் தலைவைக்க முடியாமல் போயிற்று. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையின் ஒரு பகுதி அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. 2012-இல் சட்டம் தளர்ந்தது, 2018-இல் வளாகத்துக்குள்ளும் அரசியல் நடவடிக்கைக்கு வழி திறந்தது. சட்டம் தளர்ந்தாலும் ஒழுங்கு நடவடிக்கை பற்றிய பயம் வீட்டுக்கு வீடு தங்கியிருக்கிறது. "பேர் வரக் கூடாது" என்று சொல்லி அனுப்புவது அநேகமாக அம்மாதான். அம்மாவைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஆனால் அதன் விளைவாகச் செய்தியில் அதிகாரியின் குரல் பெயரோடும் மாணவரின் குரல் பெயரில்லாமலும் வருகிறது. பெயரில்லாத குரலுக்கு எடை குறைவு.

அடுத்தது செய்தி நிறுவனம். பெர்னாமா அனுப்பும் ஒரே செய்தியைப் பல ஊடகங்கள் எடுத்துப் போடும். நீங்கள் ஐந்து இடத்தில் படித்துவிட்டு "ஐந்து பேரும் இதையே சொல்கிறார்கள்" என்று நினைப்பீர்கள். ஓர் அத்தை அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஐந்து குழுக்கள் வழியாக உங்களுக்கு வந்தால் அது ஐந்து சாட்சியாகுமா? மூலத்தில் பிழை இருந்தால் அது ஐந்து இடத்திலும் இருக்கும். செய்தியின் முதல் வரியிலோ கடைசி வரியிலோ எந்த நிறுவனம் தந்தது என்ற குறிப்பு இருக்கும். அதைப் பார்க்கப் பழகினால் போதும்.

உரிமையாளரும் அரசும் தரும் அழுத்தத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை. ஆங்கில நாளிதழான தி ஸ்டாரின் பெரிய பங்குதாரர் மசீச (மலேசியச் சீனர் சங்கம்) கட்சி. மலாய் நாளிதழான உத்துசான் நெடுங்காலம், அப்போது ஆட்சியில் இருந்த அம்னோ கட்சியோடு இணைத்தே பேசப்பட்டது. 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி நாளிதழுக்கு உரிமம் வேண்டும். 2012 வரை அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1987 அக்டோபரில், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பலரைப் பிடித்து வைத்த ஓப்பராசி லாலாங் நடவடிக்கையின்போது தி ஸ்டார், சின் சியூ, வாத்தான் மூன்றின் உரிமங்களும் பறிக்கப்பட்டன. அதைப் பார்த்த ஆசிரியர்கள் பிறகு யாரும் சொல்லாமலே தங்கள் பேனாவைத் தாங்களே பிடித்து நிறுத்தினார்கள். இதற்குத் 'தன் தணிக்கை' என்று பெயர். அச்சில் வராத செய்தியாக மட்டுமே இது இருப்பதால் வாசகர் கண்ணில் படாது.

கூட்டம் எவ்வளவு?

போராட்டச் செய்தியில் அதிகம் சண்டை வருவது இந்த எண்ணில்தான். 2007 நவம்பர் 25 அன்று மலேசிய இந்தியர் உரிமை கேட்டு நடந்த ஹிண்ட்ராஃப் பேரணிக்கு ஒரு செய்தியில் பத்தாயிரம், இன்னொன்றில் முப்பதாயிரம் என்று வந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

எண்ணுவதற்கு ஒரு வழி இருக்கிறது. அது பிறந்ததே மாணவர் போராட்டத்தில்தான். 1960-களில் பெர்க்லியில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள் கூடும் சதுக்கத்தைத் தன் அலுவலகச் சன்னலிலிருந்து பார்ப்பார். தரையில் கட்டம் கட்டமாகக் கோடுகள் இருந்தன. சில கட்டங்களில் எத்தனை பேர் என்று எண்ணி, மொத்தக் கட்டங்களால் பெருக்கினார். தளர்வான கூட்டத்தில் ஓர் ஆளுக்குச் சுமார் 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் 4.5 சதுர அடி, மூச்சுமுட்டும் நெரிசலில் 2.5 சதுர அடி என்று கண்டார்.

200 அடி நீளம், 100 அடி அகலம் உள்ள ஒரு கார் நிறுத்துமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 20,000 சதுர அடி. கைவீசி நடக்க இடமிருந்தால் 2,000 பேர். தோளோடு தோள் உரசினால் சுமார் 4,400. உச்ச நெரிசலில் 8,000. அந்த இடத்துக்கு அதற்கு மேல் கொள்ளளவு இல்லை. "இருபதாயிரம் பேர்" என்று யாராவது சொன்னால், எவர் பக்கம் நின்று சொன்னாலும் அது பிழை. இது துல்லியத்தின் கேள்வி, கணக்குப் போட்டே தீர்த்துவிடலாம். "ஏற்பாட்டாளர் கணக்கு", "போலீஸ் கணக்கு" என்று இரண்டையும் போட்டுவிட்டு நகர்வதைவிட, இடத்தின் பரப்பை ஒரு வரியில் சொல்லும் செய்தியாளர் நமக்கு அதிகம் உதவுகிறார்.

"இரு தரப்பையும் போட்டாயிற்று"

சார்புக்கு மருந்து இரு தரப்புக்கும் சம இடம் தருவது என்று நினைப்பதும் தவறுதான். 2024 ஏப்ரல் 30 இரவு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், காஸா போருக்கு எதிரான மாணவர் முகாமை, அந்தப் போராட்டத்தை எதிர்த்தவர்கள் தாக்கினார்கள். போலீஸ் தலையிட மணிக்கணக்கில் ஆயிற்று. முதலில் வந்த செய்திகள் பலவற்றில் இது "மோதல்" என்றுதான் இருந்தது. மோதல் என்றால் இரு பக்கமும் சமமாகக் கைநீட்டியது போல ஒலிக்கும். யாருக்கும் சாயக் கூடாது என்று நினைத்தே அந்தச் சொல்லைப் போட்டிருப்பார்கள், அதனாலேயே யார் யாரை அடித்தார்கள் என்ற தகவல் தொலைந்தது.

நம் கண்ணின் சாய்வு

இனி வாசகர் பக்கம். 1985-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 1982 பெய்ரூட் படுகொலை பற்றிய அதே தொலைக்காட்சிச் செய்திகளை இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். இரு குழுவுமே "இது எங்களுக்கு எதிரான செய்தி" என்றன. விஷயம் அதிகம் தெரிந்தவர்களுக்கே இன்னும் அதிகச் சாய்வு தெரிந்தது. இதைப் 'பகை ஊடகத் தோற்றம்' என்று சொல்லலாம்: ஒரு விஷயத்தில் மனம் ஊன்றியவருக்கு நடுவில் நிற்கும் செய்தியும் எதிரணியாகத் தெரிவது.

அக்காள் மகளுக்கு நான் சொன்னதும் இதுதான். நீ அங்கே இருந்தாய் என்பதால் உனக்குப் பிழைகள் தெரியும், அது பலம். நீ அங்கே இருந்தாய் என்பதாலேயே உன்னைப் புகழாத ஒவ்வொரு வரியும் உனக்குக் குத்தும். அவளுக்கு ஒரு பழக்கமும் சொல்லிக்கொடுத்தேன். நமக்கு மும்மொழியும் தெரியும். இந்த நாட்டில் நமக்குக் கிடைத்திருக்கும் அரிய வசதி அது. அதே நிகழ்வை மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று படி. மூன்றிலும் இருப்பதை ஒரு பக்கம் எழுது, ஒன்றில் மட்டும் இருப்பதை இன்னொரு பக்கம் எழுது. மூன்றில் எதிலுமே இல்லாதது என்ன என்று கடைசியாகக் கேள். அவள் கண்டுபிடித்தது: எதிலுமே மாணவர்களின் கோரிக்கை முழுதாக இல்லை.

திருத்தம் கேட்பது

"உங்கள் செய்தி ஒருதலைப்பட்சம்" என்று கடிதம் வந்தால் செய்தி மேசையில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. "இரண்டாம் பத்தியில் இந்தச் சொல் தவறு, இதோ ஆதாரம்" என்று வந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும். 2025-இல் மலேசிய ஊடக மன்றச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருப்பதால், ஊடகத்தைப் பற்றிய புகாரைக் கொண்டுபோக ஒரு வாசலும் பிறந்திருக்கிறது. அங்கே போனாலும் அதே கேள்விதான்: எந்த வரி, என்ன பிழை?

நான் வேலைபார்த்த காலத்தில் ஓர் அம்மா போன் செய்தார். அவர் மகன் ஒரு போராட்டம் தொடர்பாகப் போலீஸ் நிலையம் போய் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்திருந்தான். வழக்கு எதுவும் இல்லை. எங்கள் செய்தியில் 'குற்றஞ்சாட்டப்பட்டார்' என்று இருந்தது. "என் மகன் கோர்ட்டுக்கே போகல தம்பி. இத படிச்சிட்டுக் கோயில்ல எல்லாரும் கேக்கிறாங்க" என்றார். கோபமாகப் பேசவில்லை. மலாய் மூலத்தை எடுத்துப் பார்த்தேன். 'டிடாக்வா' என்றுதான் இருந்தது. கூட்டத்தில் இருந்ததாகச் சொல்லப்படுகிறது என்ற பொருளில். தமிழில் தவறியது எங்கள் மேசை. மறுநாள் திருத்தம் வந்தது, இரண்டு வரி. செய்தி வந்தது மூன்றாம் பக்கத்தில், மகனின் படத்தோடு. திருத்தம் வந்தது பதினான்காம் பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே. அந்த அம்மா அதைத் தேடிக் கண்டுபிடித்து மறுபடி போன் செய்தார். "அதே பக்கத்தில போட மாட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். அன்று நான் ஆசிரியரிடம் போய்க் கேட்டேன், இடமில்லை என்றார். அவர் கேட்டதுதான் சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.